பதினான்காவது நகர்த்தல்



"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா" என்று நம் மாணவர் மன்றச் செயலாளர் ஹாஸ்டல் ரூமுக்கே வந்து நின்றபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவிதை எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எனக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு. ஒன்று லேத், இன்னொன்று செஸ். லேத்தைப் பற்றி எழுதினால் வாத்தியார்களைத் தவிர யாரும் படிக்க மாட்டீர்கள் (அவர்களும் மார்க் போடத்தான் படிப்பார்கள்!). அதனால் செஸ்.

முதலில் என் சொந்தத் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் பாலிடெக்னிக்குகளுக்கு இடையிலான மண்டலப் போட்டிக்கு நம் டீமில் நாலாவது போர்டு நான். போவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு பழைய புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து, 'ஸ்பானிஷ் திறப்பு' என்ற ஓப்பனிங்கில் பன்னிரண்டு நகர்த்தல்களை உருப்போட்டு வைத்திருந்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். போட்டியில் எட்டு நகர்த்தல் வரை எல்லாம் புத்தகப்படியே போனது. மனசுக்குள் ஒரே குஷி. ஒன்பதாவது நகர்த்தலில் எதிராளி ராணியை இ2 கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். என் ஜெராக்ஸில் அது இல்லை! அவ்வளவுதான். இருபத்திநாலாவது நகர்த்தலில் எழுந்து கைகொடுத்துவிட்டு வெளியே வந்தேன். டீம் அரை பாயின்ட்டில் அடுத்த சுற்று வாய்ப்பை இழந்தது. அந்த அரை பாயின்ட் என்னுடையது.

திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் கேப்டன், ஃபைனல் இயர் அண்ணன், பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "தம்பி, நீ ஓப்பனிங் படிக்கலடா. ஓப்பனிங்க மனப்பாடம் பண்ணியிருக்க. ரெண்டும் வேற. நாளைக்கு ராத்திரி காமன் ரூமுக்கு வா, ஒரு கேம் காட்டுறேன்."

அவர் காட்டிய ஆட்டத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அது ஆடப்பட்டபோது நம்மில் யாரும் பிறக்கவே இல்லை. ஆனாலும் நமக்கு ரொம்ப வேண்டிய ஆட்டம். ஏனென்றால் அதில் தோற்றவர் நம் ஊர்க்காரர்!

107-ஆவது மாடியில்

1995-ஆம் ஆண்டு செப்டம்பர் 11. நியூயார்க் நகரம், உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம், 107-ஆவது மாடி. (ஆறு வருஷம் கழித்து அதே தேதியில் அந்தக் கோபுரமே இல்லாமல் போனது உங்களுக்குத் தெரியும்.) அங்கேதான் தொழில்முறை சதுரங்கச் சங்கத்தின் உலகப் பட்டப் போட்டி தொடங்கியது. ஒரு பக்கம் 1985 முதல் உலகச் சாம்பியனாக இருந்து வந்த கேரி காஸ்பரோவ், வயது 32. இன்னொரு பக்கம் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த், வயது 25. இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

மொத்தம் இருபது ஆட்டங்கள் என்று ஏற்பாடு. முதல் எட்டு ஆட்டங்களும் டிரா. பார்க்க வந்தவர்களுக்குச் சலிப்புத் தட்ட ஆரம்பித்தது. ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் வெள்ளைக் காயில் அருமையாக ஆடி ஜெயித்தார். 5-4 என்று முன்னிலை! பத்து வருஷமாக அசையாமல் இருந்த சிம்மாசனம் லேசாக ஆடியது. மறுநாள், செப்டம்பர் 26, பத்தாவது ஆட்டம். இதில் காஸ்பரோவுக்கு வெள்ளை, ஆனந்துக்குக் கறுப்பு. ஆனந்த் இதையும் தாக்குப்பிடித்தால் பந்தயமே வேறு திசையில் போயிருக்கும்.

புரிந்துகொள்ளச் சில விஷயம்

செஸ் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். நம் ஊர் வழக்கப்படி ரூக்கை யானை என்றும், பிஷப்பை மந்திரி என்றும், நைட்டைக் குதிரை என்றும், பானைச் சிப்பாய் என்றும் சொல்கிறேன். பலகையில் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று எட்டு வரிசைகள். வெள்ளைக்காரர் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 8 வரை எண்கள். வெள்ளை ராஜா முதலில் நிற்பது இ1, கறுப்பு ராஜா இ8. இது போதும்.

ஹாஸ்டல் செஸ் போர்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு கறுப்பு யானை காணாமல் போய் வருஷக்கணக்காகிறது. அதற்குப் பதிலாக ஒர்க்ஷாப்பிலிருந்து வந்த ஒரு பெரிய நட்டு உட்கார்ந்திருக்கும். அண்ணன் அந்த நட்டை எச்8 மூலையில் வைத்தார். "இதை ஞாபகம் வச்சுக்க. கடைசியில இதுக்கு ஒரு கதி வரும்" என்றார்.

ஸ்பானிஷ் திறப்பு என்றால் என்ன?

இரண்டு பேரும் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார்கள். வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்து இ5 சிப்பாயைத் தாக்குகிறது. கறுப்புக் குதிரை சி6-க்கு வந்து அதைக் காக்கிறது. உடனே வெள்ளை மந்திரி பி5-க்குப் போய் அந்தக் காவலாளிக் குதிரையைக் குறிவைக்கிறது. இதுதான் ஸ்பானிஷ் திறப்பு. ரூய் லோபஸ் என்ற ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் 1561-இல் வெளியிட்ட சதுரங்க நூலால் அவர் பெயரிலேயே 'ரூய் லோபஸ்' என்றும் சொல்வார்கள். நானூறு வருஷத்துக்கு மேலாக ஆடியும் இன்னும் தீராத திறப்பு.

கொஞ்ச தூரம் போனதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. வெள்ளை ஐந்தாவது நகர்த்தலில் கோட்டை கட்டி ராஜாவைப் பத்திரப்படுத்துகிறது. அப்போது இ4 சிப்பாய் காவல் இல்லாமல் நிற்கும். கறுப்பு அதைத் தொடாமல் தன் மந்திரியை இ7-இல் வைத்து நிதானமாகக் கட்டிக்கொண்டு போனால் அது 'மூடிய ஸ்பானிஷ்'. துணிந்து குதிரையால் அந்தச் சிப்பாயைத் தின்றால் அது 'திறந்த ஸ்பானிஷ்'.

இதில் கறுப்புக்கு என்ன லாபம்? காய்கள் எல்லாம் சுதந்திரமாக வெளியே வரும். மூச்சு முட்டாது. என்ன நஷ்டம்? வெள்ளை டி4 தள்ளி அந்தச் சிப்பாயைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். வெள்ளைச் சிப்பாய் ஒன்று இ5-இல் வந்து கறுப்பு ராஜாவின் நெஞ்சுக்கு நேரே உட்காரும். கறுப்பு ராஜா இன்னும் நடுவிலேயே நிற்பான். அதாவது, கறுப்பு சுதந்திரத்தை வாங்கிவிட்டு அதற்கு விலையாக நேரத்தைக் கொடுக்கிறது. ராஜாவை எப்போது ஒளித்துவைக்க முடியும் என்பதுதான் இந்தத் திறப்பின் உயிர்நாடி. இந்த ஒரு வாக்கியம்தான் என் ஜெராக்ஸில் இல்லாதது!

பழைய பாதை

ஆனந்த் திறந்த ஸ்பானிஷைத்தான் எடுத்தார். பத்து நகர்த்தல் வரை பல பேர் நடந்து தேய்ந்த பாதை. பதினோராவது நகர்த்தலில் காஸ்பரோவ் குதிரையை ஜி5-க்குத் தள்ளினார். பார்த்தால் பைத்தியக்காரத்தனம். கறுப்பு ராணி நேராக அந்தக் குதிரையைத் தின்னலாமே? தின்றால் வெள்ளை ராணி எஃப்3-க்கு வந்து காவல் இல்லாத சி6 குதிரையைக் குறிவைக்கும். பின்னால் இருக்கும் யானையும் ராஜாவும் சேர்ந்து ஆபத்தில் மாட்டும். கொடுத்ததை வெள்ளை திரும்ப வாங்கிவிடும்.

இந்த நகர்த்தல் 1978-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் பாகியோ நகரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் பிரபலமானது. கார்போவ் ஆட, கார்ச்னோய் எதிர்கொண்டார். அதுவும் அந்தப் போட்டியின் பத்தாவது ஆட்டம்தான்! கார்ச்னோய் குதிரையைத் தொடாமல் சி3 சிப்பாயைத் தின்றார். காய்கள் மாறிக்கொண்டன. பிறகு கறுப்பு ராணி டி3-க்குள் புகுந்து வெள்ளையின் வாசலிலேயே நின்றது. கார்போவ் பதினான்காவது நகர்த்தலில் டி2 குதிரையை எஃப்3-க்கு எடுத்தார். ராணிகள் மாறின. ஆட்டம் டிரா.

1995 போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் ஆனந்தும் காஸ்பரோவும் இதே பாதையில் இதே கட்டத்துக்கு வந்து நின்றிருந்தார்கள். அன்று காஸ்பரோவும் பதினான்காவதாகக் குதிரையை எஃப்3-க்கே எடுத்தார். ஆனந்த் ராணியை மாற்றாமல் ராணிப் பக்கமாகக் கோட்டை கட்டினார். அதாவது, மேலே சொன்னேனே, ராஜாவை ஒளித்துவைக்கும் வேலை, அதை அந்த ஒரு நகர்த்தலில் முடித்துவிட்டார். ஆட்டம் டிரா ஆனது. கறுப்புக் காயில் உலகச் சாம்பியனிடம் டிரா என்றால் அந்தத் திறப்பு வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? அதனால் பத்தாவது ஆட்டத்திலும் ஆனந்த் அதே பாதையில் இறங்கினார்.

இங்கே அண்ணன் காய் நகர்த்துவதை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்: "ஒரே ரூட்ல ரெண்டாவது தடவ போறோம்னா, நடுவுல எதிராளி என்னடா பண்ணிட்டு இருந்திருப்பான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "ராத்திரி பூரா அந்த இடத்தைத் தோண்டிட்டு இருந்திருப்பான்" என்றார்.

ஒரே ஒரு நகர்த்தல்

பதினான்காவது நகர்த்தல். அதே நிலை. அதே டி3 கட்டத்தில் கறுப்பு ராணி. இந்த முறை காஸ்பரோவ் குதிரையைத் தொடவில்லை. பி3-இல் இருந்த மந்திரியை ஒரே ஒரு கட்டம் பின்னால் இழுத்து சி2-இல் வைத்தார்.

பார்க்கச் சாதாரண நகர்த்தல். ஆனால் இது ராணியைத் தாக்குகிறது. ராணி உடனே ஓடியாக வேண்டும். ஆறாவது ஆட்டத்தில் ஆனந்துக்குக் கோட்டை கட்ட ஒரு நகர்த்தல் கிடைத்ததே, அந்த ஒரு நகர்த்தல் இப்போது கிடைக்காது! கோட்டை கட்டினால் ராணி போய்விடும். இவ்வளவுதான் ரகசியம். திறந்த ஸ்பானிஷில் கறுப்புக்குப் பற்றாக்குறையாக இருப்பது நேரம். காஸ்பரோவ் சரியாக அந்த இடத்தில் கைவைத்தார்.

ஆனந்தின் ராணி சி3 சிப்பாயைத் தின்றது. அங்கிருந்து ஏ1 மூலையில் இருக்கும் வெள்ளை யானையைப் பார்க்கிறது. அடுத்து காஸ்பரோவ் குதிரையை டி2-இலிருந்து பி3-க்குக் கொண்டுவந்தார். இதுதான் உண்மையான வெடி. இந்தக் குதிரை ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது. ஏ1 யானையைக் காக்கிறது. சி5-இல் இருக்கும் கறுப்புக் குதிரையைத் தாக்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, டி2-ஐக் காலி செய்து, சி1-இல் அடைபட்டுக் கிடந்த மந்திரிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. அந்தக் கதவு வழியாக என்ன வரப்போகிறது என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

ஆனந்த் நீண்ட நேரம் யோசித்தார். காஸ்பரோவோ அதுவரை கிட்டத்தட்ட யோசிக்காமலே மளமளவென்று ஆடிக்கொண்டிருந்தார். அங்கேதான் பலகைக்கு வெளியே உள்ள உண்மை தெரிகிறது. ஒருவர் விடையை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறார். இன்னொருவர் அதே கணக்கை ஓடுகிற கடிகாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து முதல் முறையாகப் போடுகிறார்.

யானையைக் கொடுத்து ராஜாவைப் பிடித்தல்

குதிரைகள் மாறின. வெள்ளை மந்திரி பி3-க்குத் திரும்பியது. இப்போது ஏ1 யானைக்குக் காவல் இல்லை. உடனே தின்றால் என்ன? வெள்ளை ராணி எச்5-இலிருந்து செக் சொல்லும். கறுப்பு ஜி6 தள்ளி மறைத்தால் ராணி எஃப்3-க்குத் தாவி, சி6 குதிரையையும் எஃப்7 கட்டத்தையும் ஒரே அடியில் குறிவைக்கும். கறுப்புக்கு விமோசனம் இல்லை. ஆனந்துக்கு இது தெரியாமலா இருக்கும்? அதனால் குதிரையை டி4-க்குக் கொண்டுவந்து மந்திரியைத் தாக்கினார்.

காஸ்பரோவ் பதிலுக்கு ராணியை ஜி4-இல் வைத்தார். "யானையை எடுத்துக்கோ" என்று கொடுத்தேவிட்டார்! ஆனந்தின் ராணி ஏ1 யானையைத் தின்றது. இந்த நேரத்தில் கணக்குப் பார்த்தால் கறுப்பிடம் ஒரு முழு யானையும் ஒரு சிப்பாயும் அதிகம். காய்களை மட்டும் எண்ணிப் பார்க்கிறவர்கள் கறுப்பு ஜெயிக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஆனால் காய்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். கறுப்பு ராணி போர்க்களத்தை விட்டுத் தூர மூலையில். கறுப்பு ராஜா இன்னும் பிறந்த இடத்திலேயே. எஃப்8 மந்திரியும் எச்8 யானையும் ஒரு அடி கூட நகரவில்லை. வெள்ளை மந்திரி இ6 சிப்பாயைத் தின்று ராஜாவின் மூக்குக்கு முன்னால் உட்கார்ந்தது. ஆனந்த் யானையை டி8-இல் வைத்துத் தடுத்தார்.

அப்போது, பத்தொன்பதாவது நகர்த்தலில், நான்கு நகர்த்தலுக்கு முன் திறந்த கதவு வழியாக சி1 மந்திரி பாய்ந்து எச்6-க்குப் போனது! அது நகர்ந்ததும் எஃப்1-இல் இருக்கும் யானை நேராக ஏ1-இல் உள்ள கறுப்பு ராணியைப் பார்க்கிறது. சரி, ஜி7 சிப்பாயால் அந்த மந்திரியைத் தின்றால்? ராணி எச்5-இல் செக். ராஜா இ7-க்கு ஓட வேண்டும், வேறு வழியில்லை. ராணி எஃப்7-இல் மேட்! வீட்டில் போர்டு இருப்பவர்கள் வைத்துப் பாருங்கள். இரண்டே நகர்த்தலில் கதை முடியும்.

ஆனந்த் ராணியை சி3-க்கு எடுத்தார். வெள்ளை மந்திரி ஜி7 சிப்பாயைத் தின்றது. அடுத்ததாக எச்8-இல் இருந்த யானையையும் தின்றது. அண்ணன் அந்த நட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு டேபிளில் 'டக்' என்று வைத்தார். "பாத்தியா, ஆரம்பத்துல இருந்து இது நகரவே இல்ல. உக்காந்த இடத்துலயே செத்துப்போச்சு."

தூசி அடங்கியபோது ராணிகள் மாறியிருந்தன. இருபத்திநான்கு நகர்த்தல் முடிவில் வெள்ளைக்கு யானை, மந்திரி, ஐந்து சிப்பாய். கறுப்புக்கு யானை, குதிரை, நான்கு சிப்பாய். ஒரே ஒரு சிப்பாய்தான் வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் ராஜா பக்கத்தில் வெள்ளைக்கு நான்கு சிப்பாய், கறுப்புக்கு ஒன்றே ஒன்று. ஆனந்த் ராணிப் பக்கச் சிப்பாய்களைத் தள்ளிக் கடைசிவரை போராடினார். பலிக்கவில்லை. முப்பத்தெட்டாவது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டார். 5-5.

அப்புறம் என்ன ஆனது?

ஒரு தோல்வி அடுத்த தோல்விக்கு வழிகாட்டியது. பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு ஆகிய ஆட்டங்களிலும் காஸ்பரோவ் ஜெயித்தார். பதினெட்டாவது ஆட்டத்தோடு போட்டி முடிந்தது. 10½-7½. பட்டம் காஸ்பரோவுக்கே.

இதில் எனக்கு மனசைத் தொட்ட ஒரு விஷயம் உண்டு. மந்திரியை சி2-க்கு இழுக்கும் அந்த யோசனையை முதலில் சொன்னவர் முன்னாள் உலகச் சாம்பியன் மிகைல் தால். அவர் 1992-லேயே இறந்துவிட்டார். சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய செஸ் கிளப்பின் பெயர் என்ன தெரியுமா? மிகைல் தால் செஸ் கிளப்! சின்னப் பையனாக ஆனந்த் போய் விளையாடி வளர்ந்தது அங்கேதான். எந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே ஆடக் கற்றாரோ, அந்த மனிதரின் யோசனையே நியூயார்க்கில் அவரைக் கவிழ்த்தது. விதி என்று சொல்லுவதா? நான் சொல்லமாட்டேன். தால் விதையைப் போட்டார், காஸ்பரோவ் உட்கார்ந்து அதை மரமாக்கினார். உழைப்பு என்றுதான் சொல்லுவேன்.

ஆனந்த் அதோடு ஓய்ந்துபோனாரா? 2000-இல் உலகச் செஸ் சம்மேளனத்தின் சாம்பியன். 2007-இல் மெக்ஸிகோ சிட்டியில் மீண்டும் உலகச் சாம்பியன். 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்குடன் மோதல். அந்தப் போட்டியின் மூன்றாவது ஆட்டத்தில் ஆனந்த் கறுப்புக் காயில், வீட்டில் தயார் செய்து கொண்டுவந்த ஒரு புது யோசனையால் ஜெயித்தார். ஐந்தாவது ஆட்டத்தில் கிராம்னிக் அதே பாதையில் மறுபடியும் இறங்கினார். ஆனந்த் இந்த முறை தானே முந்திக்கொண்டு பாதையை மாற்றினார். மறுபடியும் கறுப்பில் வெற்றி! எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? நியூயார்க்கில் வாங்கிய பாடத்தை பதின்மூன்று வருஷம் கழித்து பான் நகரில் எடுத்தார். 6½-4½ என்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

2010-இல் சோஃபியா நகரில் டோபலோவை வென்ற பிறகு ஆனந்த் தன் தயாரிப்புக்கு உதவியவர்களில் ஒருவர் பெயரைச் சொன்னார். யார் தெரியுமா? கேரி காஸ்பரோவ்!

நமக்கு என்ன?

நண்பர்களே, இந்த ஆட்டத்தில் இரண்டு பேருமே மனப்பாடம் செய்தவர்கள் இல்லை. இரண்டு பேருக்கும் அந்தத் திறப்பு உள்ளும் புறமும் தெரியும். ஒருவர் "இங்கே கறுப்புக்கு நேரம்தான் குறைவு, அதை எப்படிப் பிடுங்குவது?" என்று ஒரு படி கூடுதலாக யோசித்துவிட்டு வந்தார். வித்தியாசம் அவ்வளவுதான். அப்படியானால், ஒன்றுமே யோசிக்காமல் பன்னிரண்டு நகர்த்தலை உருப்போட்ட என் கதி எப்படி இருக்கும்?

வைவாவில் நாம் செய்வதும் இதேதான். ரெக்கார்டு நோட்டில் உள்ளதை வரிக்கு வரி ஒப்பிப்போம். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் "சரிப்பா, இந்த வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் டூல் என்ன ஆகும்?" என்று கேட்டால் முழிப்போம். அது எஃப்3-க்குப் பதிலாக சி2-க்கு வந்த நகர்த்தல். காரணம் தெரிந்தவன் கொஞ்சம் தடுமாறினாலும் எழுந்து நிற்பான். வரி மட்டும் தெரிந்தவன் அங்கேயே உட்கார்ந்துவிடுவான், நம் ஹாஸ்டல் நட்டு மாதிரி.

இந்த வருஷமும் மண்டலப் போட்டிக்குப் போனேன். இரண்டாவது சுற்றில் திறந்த ஸ்பானிஷ். ஒன்பதாவது நகர்த்தலில் எதிராளி ராணியை இ2-க்குக் கொண்டுவந்தார். வயிற்றில் ஒரு பகீர். ஆனால் இந்த முறை என்னையே கேட்டுக்கொண்டேன்: "இவர் ஏன் இப்படி வைக்கிறார்?" டி1-க்கு யானையைக் கொண்டுவந்து என் டி5 சிப்பாயை நசுக்கப் பார்க்கிறார், அதற்குள் என் ராஜா ஒளிந்தாக வேண்டும். மந்திரியை இ7-க்கு எடுத்தேன், சீக்கிரம் கோட்டை கட்டினேன். நாற்பத்தொரு நகர்த்தல் ஆடி டிரா செய்தேன்.

ஜெயிக்கவில்லைதான். ஆனால் போன வருஷம் தொலைத்த அரை பாயின்ட்டைத் திரும்ப வாங்கிவிட்டேன். பாஸாகிப் போய்விட்ட அண்ணனுக்கு அன்று ராத்திரியே போன் போட்டுச் சொன்னேன். "ஏன்னு கேட்டியா?" என்றார். "கேட்டேண்ணா" என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

காமன் ரூமில் போர்டு இருக்கிறது. நட்டும் இருக்கிறது. கீழே முழு ஆட்டத்தையும் கொடுத்திருக்கிறேன். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே!

ஆட்டக் குறிப்பு

வெள்ளை: காஸ்பரோவ். கறுப்பு: ஆனந்த். நியூயார்க், 1995, பத்தாவது ஆட்டம்.
(கு - குதிரை, ம - மந்திரி, யா - யானை, × - வெட்டு, + - செக், எழுத்து இல்லாதது சிப்பாய்)

1. இ4 – இ5
2. கு எஃப்3 – கு சி6
3. ம பி5 – ஏ6
4. ம ஏ4 – கு எஃப்6
5. கோட்டை – கு×இ4
6. டி4 – பி5
7. ம பி3 – டி5
8. டி×இ5 – ம இ6
9. பி1 கு டி2 – கு சி5
10. சி3 – டி4
11. கு ஜி5 – டி×சி3
12. கு×இ6 – எஃப்×இ6
13. பி×சி3 – ராணி டி3
14. ம சி2! – ராணி×சி3
15. கு பி3! – கு×பி3
16. ம×பி3 – கு டி4
17. ராணி ஜி4 – ராணி×ஏ1
18. ம×இ6 – யா டி8
19. ம எச்6! – ராணி சி3
20. ம×ஜி7 – ராணி டி3
21. ம×எச்8 – ராணி ஜி6
22. ம எஃப்6 – ம இ7
23. ம×இ7 – ராணி×ஜி4
24. ம×ஜி4 – ராஜா×இ7
25. யா சி1 – சி6
26. எஃப்4 – ஏ5
27. ராஜா எஃப்2 – ஏ4
28. ராஜா இ3 – பி4
29. ம டி1 – ஏ3
30. ஜி4 – யா டி5
31. யா சி4 – சி5
32. ராஜா இ4 – யா டி8
33. யா×சி5 – கு இ6
34. யா டி5 – யா சி8
35. எஃப்5 – யா சி4+
36. ராஜா இ3 – கு சி5
37. ஜி5 – யா சி1
38. யா டி6 – கறுப்பு தோல்வியை ஒப்புக்கொண்டது.

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை